முறுக்கு கடித்த சுல்தானும் ஐந்தாவது ரக்அத்தும்

முன்னொரு காலத்தில் ஒரு முறுக்கு ஒரு ராஜ்ஜியத்தையே கடித்துவிட்டது. முறுக்கை மனிதன் கடிப்பான், முறுக்கு எங்கே கடிக்கும் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த ராஜ்ஜியம் கடலோரத்தில் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் எங்கள் சுல்தான் அப்படியெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வருவார்கள்.

சுல்தான் கமாலுத்தீன் நல்ல மனிதர்தான். வழக்கு விசாரிக்க உட்கார்ந்தால் ஏழை பணக்காரன் என்று பார்க்க மாட்டார். ஆனால் அவருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று தின்பண்டம். இன்னொன்று, தவறு என்பது மற்றவர்களுக்கு மட்டும் வருகிற காய்ச்சல் என்ற நினைப்பு.

ஆள்கிறவன் தன் இஷ்டத்துக்கு ஆளக்கூடாது என்பது அந்த நாட்டின் சட்டம். எந்த ஆணை பிறப்பிப்பதாக இருந்தாலும் சபையைக் கூட்டிக் கலந்து பேச வேண்டும். அதற்கு மசூரா என்று பெயர். பட்டத்துக்கு வருகிற அன்று ஊர் மக்கள் சுல்தானின் கையைப் பிடித்து பைஅத் கொடுப்பார்கள். உனக்குக் கட்டுப்படுகிறோம் என்ற வாக்குத்தான் பைஅத். அப்போது சுல்தானும் சும்மா கையை நீட்டிவிட முடியாது. நான் நேராக நடந்தால் கூட வாருங்கள், கோணலாக நடந்தால் நிமிர்த்துங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கமாலுத்தீனும் சொன்னார். சொன்ன பிறகு விருந்து போட்டார்கள். விருந்தில் அது மறந்துவிட்டது.

அந்தச் சபையில் கலந்தர் லெப்பை என்றொரு விகடன் இருந்தான். சுல்தானைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. சிரிக்கிற நேரம் பார்த்து நாலு உண்மையைச் சொல்லிவிடுவான். சுல்தானும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, போய்த் தொலை, நீ சொல்வதே சரி என்று ஆணையை மாற்றிவிடுவார். இதைப் பார்த்துப் பார்த்துத் தலைமை மந்திரியான வசீர் முபாரிஸ் கானுக்கு வயிறு எரிந்தது. பக்கம் பக்கமாக எழுதி வந்து அவர் சொல்லும் யோசனைக்குச் சுல்தான் கொட்டாவி விடுவார். இவன் ஒரு கேலி பேசினால் போதும், காரியம் நடந்துவிடும். யாருக்குத்தான் எரியாது?

கலந்தரின் மனைவி மைமூன் கடைத்தெருவில் முறுக்கு சுட்டு விற்பவள். ஒரு நாள் அரண்மனைக்கு ஒரு தட்டு முறுக்கு அனுப்பினாள். சுல்தான் ஆசையாக எடுத்து ஒரே கடி கடித்தார். படக் என்று கடைவாய்ப்பல் பாதியாக உடைந்தது. மீதிப் பாதி உள்ளேயே நின்றுகொண்டு உயிரை வாங்கியது. அரண்மனை வைத்தியர் ஹக்கீம் வந்து கிராம்பு வைத்துப் பார்த்தார், நூல் கட்டி இழுத்துப் பார்த்தார். நூல்தான் அறுந்தது.

மறுநாள் மசூரா கூடியது. சுல்தான் வீங்கிய கன்னத்தைச் சுற்றித் துணி கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சின் இரு முனைகளும் முயல் காது மாதிரி நிமிர்ந்து நின்றன. அவர் உட்கார்ந்ததும், இனி நாட்டில் யாரும் முறுக்கு சுடக்கூடாது, விற்கக்கூடாது, தின்னவும் கூடாது என்று ஆணையிட உத்தேசம் என்றும், சபையின் கருத்து என்ன என்றும் கேட்டார்.

சபைக்கா கருத்துக்குப் பஞ்சம்? முறுக்கு இயல்பிலேயே கோணல், அதைப் பார்த்து வளரும் மக்களும் கோணலாகிறார்கள் என்றார் ஒருவர். முறுக்கைக் கடிக்கும் சத்தத்தில் திருடன் வருவது காதில் விழுவதில்லை என்றார் இன்னொருவர். முபாரிஸ் கான் எழுந்து, முறுக்கில் ஆரம்பம் எது முடிவு எது என்று தெரியாததால் அது ராஜ்ஜிய ஒழுங்குக்கே எதிரானது என்று அரைமணி நேரம் பேசினார்.

கலந்தருக்கு வீட்டில் மைமூன் அரிசி ஊறப்போட்டிருப்பது நினைவு வந்தது. கடைத்தெருவில் முறுக்கு சுட்டுப் பிழைக்கிற மற்றப் பெண்களின் முகமும் வந்தது. எழுந்தான்.

"ஹுஸூர், உடைந்தது ஒரு பல். அதற்காக ஊர் முழுவதும் வாயைக் கட்ட வேண்டுமென்றால், நாளை தாங்கள் படியில் இடறினால் ஊரிலுள்ள படிகளையெல்லாம் இடிப்போமா?"

மற்ற நாளாக இருந்தால் சுல்தான் சிரித்திருப்பார். அன்றும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பல்லில் சுருக்கென்று ஒரு வலி மின்னலாய் ஓடியது. வந்த சிரிப்பு அப்படியே கோபமாகிவிட்டது. பாவம் கலந்தர், தன் பிழைப்பே சுல்தானின் ஒரு கடைவாய்ப்பல்லில் நிற்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டான்.

இதற்குத்தான் காத்திருந்தவர் போல முபாரிஸ் கான் முன்னால் வந்தார். "ஹுஸூர், மசூரா செய்ய வேண்டும் என்பது சட்டம். செய்தாயிற்று. ஆனால் கலந்து பேசுவது வேறு, குறுக்கே பேசுவது வேறு. கட்டுப்படுகிறோம் என்று கை கொடுத்தவர்களுக்குக் குறுக்கே பேச என்ன உரிமை? இனிச் சுல்தான் எது சொன்னாலும் 'சரி, ஹுஸூர்' என்பது ஒன்றே பதிலாக இருக்கட்டும். மீறுகிறவனைக் கழுதைமேல் வால்பக்கம் பார்த்து உட்கார வைத்து எல்லைக்கு அப்பால் அனுப்பலாம். அந்த முறுக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் ஹுஸூர் மறந்துவிட வேண்டாம்."

சபை முழுவதும் சரி, ஹுஸூர் என்றது. சுல்தானுக்கு அது காதில் தேனாய் விழுந்தது.

ஹுஸூரே ஒருவேளை கால் பிசகினால் யார் சொல்வது என்று கலந்தர் பணிவாகக் கேட்டான். நான் எப்போது பிசகினேன் என்று சுல்தான் சீறினார். சீறியதில் பல் மறுபடியும் வலித்தது.

"கலந்தர், உனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன். நான் பிசகினேன் என்று ஊர் முன்னிலையில் நானே ஒப்புக்கொள்ளும்படி செய். ஆனால் 'இல்லை' என்றோ, 'கூடாது' என்றோ, 'தவறு' என்றோ ஒரு சொல் உன் வாயில் வரக்கூடாது. முடிந்தால் முறுக்கும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய். முடியாவிட்டால் கழுதை தயாராக இருக்கும்."

நாளை பொழுது சாயும்வரை தவணை என்றார் வசீர். கலந்தர் கைகட்டி, வெள்ளிக்கிழமை அஸர் என்கிற பிற்பகல் தொழுகை வரை விடுங்கள், மூட்டை கட்ட வேண்டும் என்றான். வசீரும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். கலந்தர் போகிற போக்கில் ஒரு சந்தேகம் கேட்டான். இந்தச் 'சரி'ச் சட்டம் மசூராவுக்கு மட்டும்தானா?

"சுல்தான் முன்னால் நிற்க, மற்றவர்கள் பின்னால் நிற்கிற இடம் எல்லாவற்றுக்கும்," என்றார் முபாரிஸ் கான், கயிற்றை இன்னும் இறுக்குகிற சந்தோஷத்தில்.

"சரி, ஹுஸூர்," என்று சொல்லிவிட்டுக் கலந்தர் வெளியேறினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல.

வீட்டில் மைமூன் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்துவிட்டது. நல்ல சேதி நடந்து வரும், கெட்ட சேதிக்கு இறக்கை உண்டு.

"ஊருல எல்லாரும் சரின்னு சொன்னாங்களாமே. உங்களுக்கு மட்டும் அந்த ஒரு சொல்லு தொண்டையில ஏறலியா?" என்றாள்.

கலந்தர் ஊறிய அரிசியை அள்ளிப் பார்த்தான்.

"கட்டை வண்டியில போனாலே உங்களுக்கு வாந்தி வரும். கழுதையில பின்னாடி பாத்து உக்காந்துக்கிட்டு எல்லை வரைக்கும் எப்படிப் போவீங்க? பின்னாடி நடந்து வரப்போறவ நான்ல?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கலந்தருக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவன் நம்பியிருந்த விஷயம் ஒன்றே ஒன்று. அது நடக்காமல் போனால் இந்த ஊர், இந்த வீடு, இவள் சட்டி எல்லாம் போய்விடும். அதை அவளிடம் சொல்லாமல், அரிசியைக் கொட்டாதே, அரைத்து வை என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் மசூராவில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. சுல்தான் மிகுந்த உற்சாகமாக இருந்தார். இன்று வெயில் அதிகமோ என்றார். சரி, ஹுஸூர் என்றது சபை. துறைமுகத்துக்குக் குதிரையில் போகலாமா பல்லக்கில் போகலாமா என்றார். சரி, ஹுஸூர். எதில் என்று கேட்கிறேன் என்றார். அதற்கும் சரி, ஹுஸூர். கலந்தரின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. சட்டத்தை அவனைப் போல மதித்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

சுல்தான் சலித்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். பின்னால் சாம்பிராணிச் சட்டி கனன்றுகொண்டிருந்தது. முயல் காதுகளைச் சுற்றிக் கட்டியிருந்த தலைப்பாகையின் வால் போய் அதில் விழுந்தது. முதலில் புகை, பிறகு ஒரு சின்னச் செந்நாக்கு, பிறகு அது மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. சபை முழுவதும் பார்த்தது. முபாரிஸ் கானின் விழி பிதுங்கியது. ஆனால் சுல்தானிடம் சொல்ல அனுமதிக்கப்பட்ட வார்த்தை ஒன்றுதானே? அதுவும் சுல்தான் கேட்ட பிறகுதானே?

"இன்று வாசனை வேறு மாதிரி இருக்கிறதே," என்றார் சுல்தான், மூக்கை உறிஞ்சியபடி.

"சரி, ஹுஸூர்," என்றது சபை.

"எங்கோ சூடாகக்கூட இருக்கிறது."

"சரி, ஹுஸூர்," என்றார் வசீர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அதற்கு மேல் சுல்தானே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். சிம்மாசனத்திலிருந்து ஒரே தாவு. முற்றத்து நீர்த்தொட்டியில் தலைகீழாக விழுந்தார். ஏறி வந்தபோது முயல் காது ஒன்று கருகியிருந்தது. ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கத்தினார். சரி, ஹுஸூர் என்றான் கலந்தர். முபாரிஸ் கான் ஓடி வந்து, பிசகியது ஹுஸூர் அல்ல, தலைப்பாகைதான் என்று சமாதானம் சொன்னார். சுல்தானும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். தலைப்பாகையைச் சிறையில் போடச் சொன்னார். போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாரத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குச் சுல்தானே இமாமாக முன்னால் நிற்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். முதல் சுல்தான் ஆரம்பித்தது. அன்று வேலைக்காரன், வசீர், மீன்காரர், மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காஜியார் எல்லோரும் அவர் பின்னால் தோளோடு தோள் நிற்பார்கள்.

கமாலுத்தீன் பக்திமான்தான், ஆனால் மறதிக்காரர். அஸரில் நான்கு ரக்அத். நான்கு முறை நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழ வேண்டும். இவர் மனம் எங்கேயாவது ஒரு தின்பண்டத்தின் பின்னால் போய்விடும். மூன்றோடு உட்கார்ந்துவிடுவார், அல்லது ஐந்தாவதற்கு எழுந்துவிடுவார். இமாம் பிசகினால் பின்னால் நிற்கிறவர் சுப்ஹானல்லாஹ் என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது முறை. இறைவன் தூயவன் என்று அதற்குப் பொருள். அதைக் கேட்டு இமாம் திருத்திக்கொள்வார். ஏறக்குறைய வாரந்தோறும் அந்தக் குரலைக் கொடுக்கிறவர் காஜியார். அது மூச்சு விடுவது போல நடந்துவந்ததால் யாரும் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. கலந்தர் யோசித்திருந்தான்.

பள்ளிவாசல் வாசலிலேயே காஜியாரைப் பிடித்து, இந்த ஒரு வாரம் அந்த வேலையை எனக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். காஜியாருக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் மைமூனின் முறுக்கைப் பாலில் ஊறப்போட்டு, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறவர். முறுக்குக்குத் தடை வந்ததிலிருந்து முகம் வாடிப்போயிருந்தார். உடனே சம்மதித்தார்.

வெளியே வேப்பமரத்தில் கழுதை கட்டியிருந்தது. வசீர் நேரத்தோடு அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

தொழுகை ஆரம்பமானது. சுல்தான் முதல் ரக்அத்தை ஒழுங்காக முடித்தார். இரண்டாவதும் ஒழுங்கு. மூன்றாவதும் ஒழுங்கு. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் இன்றைக்கென்று பார்த்து இப்படித் தொழுகிறாரே என்று கலந்தர் நினைத்தான். அப்படி நினைத்ததற்கு உடனே மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டான். நான்காவதும் முடிந்தது. சுல்தான் சரியாக உட்கார்ந்தார். வெளியே கழுதை கத்தியது. மைமூன் மூட்டையோடு கழுதையின் பின்னால் நடக்கிற காட்சி அவன் கண் முன்னால் வந்தது. இனி இரு பக்கமும் திரும்பி ஸலாம் கொடுத்து முடிக்க வேண்டியதுதான்.

சுல்தான் எழுந்து நின்றார். ஐந்தாவது.

முன்வரிசையில் முபாரிஸ் கானுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சுல்தான் முன்னால் நிற்கிற இடம் எல்லாவற்றுக்கும் என்று சட்டம் போட்டவரே அவர்தானே? அவரும் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்துச் சபையோர் எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஊர் மக்கள் அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் போகாமல் தவித்தார்கள்.

"சுப்ஹானல்லாஹ்," என்றான் கலந்தர்.

சுல்தான் சட்டென்று உட்கார்ந்தார். கோபம் இல்லை, யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. மறதிக்கு என்று விதித்திருக்கிறபடி நெற்றியை இரண்டு முறை தரையில் வைத்தார். ஸலாம் கொடுத்து முடித்தார்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்ததும் முபாரிஸ் கான் பாய்ந்தார். ஹுஸூர் எழுந்ததை இவன் தடுத்தான், ஊரே கேட்டது, கழுதையைக் கொண்டுவாருங்கள் என்றார்.

"வசீர் சாஹிப், இறைவன் தூயவன் என்றுதான் சொன்னேன். அதில் ஹுஸூருக்குக் குறுக்கே ஒரு சொல் உண்டா?" என்றான் கலந்தர். வசீர் கழுதைப் பக்கம் நீட்டிய கையைக் கீழே போட்டார். உண்டு என்று சொன்னால் ஊர் சும்மா விடுமா?

கலந்தர் சுல்தானிடம் திரும்பினான். "ஹுஸூர் எழுந்தீர்கள், பிறகு உட்கார்ந்தீர்கள். ஏன் உட்கார்ந்தீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் தடை போட்ட சொல் வாயில் வந்துவிடும். பிறகு ஊர் முன்னிலையில் நெற்றியை இரண்டு முறை தரையில் வைத்தீர்கள். அது எதற்கு என்று காஜியார் சொல்லட்டும்."

காஜியார் பொக்கை வாயால் தெளிவாகச் சொன்னார். "இமாம் தவறிவிட்டால் செய்கிற ஸஜ்தா அது. தவறினேன் என்று இமாமே ஒப்புக்கொள்வதுதான்."

சுல்தான் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பட்டமேற்ற அன்று ஊரெல்லாம் பிடித்த கை அது. கோணினால் நிமிர்த்துங்கள் என்று தானே கேட்டுக்கொண்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இறைவன் முன்னால் நிற்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால் உட்காருகிறேன். அங்கே எனக்குக் கௌரவம் குறையவில்லை. உங்கள் முன்னால் நிற்கும்போது மட்டும் எப்படிக் குறையும்?" என்றார்.

வசீர் மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். காஜியார் அவரைக் கூப்பிட்டார். ஐந்தாவது என்று தெரிந்தே எழுந்தவர்களுடைய தொழுகை முறிந்துவிட்டது, முதலிலிருந்து தொழ வேண்டும் என்றார். நான் சட்டப்படி பின்பற்றினேன் என்று வசீர் முனகினார். யாருடைய சட்டப்படி என்று காஜியார் கேட்டார். வசீரும் சபையோரும் முழங்காலைத் தடவிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்கள்.

அதைப் பார்த்ததும் சுல்தானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வலி வந்தது, வலியோடும் சிரித்தார். வயிறு குலுங்க, கட்டு அவிழ, ஊரே சேர்ந்து சிரிக்க, ஹக்கீமுக்கும் நூலுக்கும் அசையாத அந்த அரைப்பல் வாயிலிருந்து தெறித்துக் கழுதையின் நெற்றியில் போய் விழுந்தது. கழுதை திடுக்கிட்டு ஒரு முறை கத்தியது. சுல்தான் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வலி போன இடம் தெரியவில்லை.

முறுக்குத் தடை அங்கேயே நீங்கியது. 'சரி'ச் சட்டமும் ஒழிந்தது. தலைப்பாகைக்கு விடுதலை கிடைத்தது. பல்லில்லாமல் முறுக்கு தின்பது எப்படி என்று காஜியார் சுல்தானுக்கு விளக்கிச் சொன்னார். இனி மசூராவிலும் சுல்தான் அளவு மீறிப் பேசினால் யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், சுல்தான் உட்கார்ந்துவிடுவார் என்று ஏற்பாடாயிற்று. முதல் நாளே சுல்தான் பேச எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். பொழுது சாய்வதற்குள் வசீருக்கு வலித்த மாதிரியே அவருக்கும் முழங்கால் வலித்தது. ஆனால் அன்று பிறந்த ஆணைகளில் ஒன்றைக்கூடப் பிறகு மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே கலந்தருக்குச் சுல்தான் தன் தோளிலிருந்த சால்வையைப் போர்த்தினார். அரண்மனை அடுக்களையிலிருந்து ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டியும் கொடுத்தார். அதைச் சுமக்க அந்தக் கழுதையையும் கொடுத்தார். கலந்தர் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுதைமேல் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள்.

மைமூன் அரைத்து வைத்த மாவில் முதல் ஈடு சுட்டுத் தட்டில் வைத்திருந்தாள். மூன்று நாள் கவலையில் அரைத்த மாவு. உப்பும் தண்ணீரும் எந்த அளவில் விழுந்ததோ, அவளுக்கே தெரியாது. கலந்தர் ஒன்றை எடுத்துக் கடித்தான். கருங்கல் தோற்றது. உப்பு கடல் தண்ணீர். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"எப்படி இருக்கு?"

சுல்தானையே உட்கார வைத்த கலந்தர் லெப்பை, வாய்க்குள் ஏதோ ஆடுவதை நாக்கால் மெல்லத் தள்ளிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சரி, மைமூன்."